பகல் வெயில், விடியல் வெந்நீர்

சித்திரை மாதத்து மதியம் இரண்டு மணிக்குக் குளியலறைக் குழாயைத் திறந்து கை நீட்டினால் சுரீர் என்று சுடும். மொட்டை மாடித் தொட்டி காலையிலிருந்து வெயில் குடித்திருக்கும். அந்த நேரத்தில் வெந்நீர் யாருக்கும் வேண்டாம். மார்கழி விடிகாலை ஐந்து மணிக்கு அதே குழாயைத் திறந்தால் உடம்பு சிலிர்க்கும். பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்கும், மூட்டுவலியோடு எழுந்திருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வாளி வெந்நீர் தேவைப்படுவது அப்போதுதான்.

எங்கள் அம்மாயி பித்தளை அண்டாவில் தண்ணீர் நிரப்பி, தட்டுப் போட்டு மூடி, வாசலில் வைப்பார். அடுப்பில் கிடந்து அடியும் விலாவும் கரி பிடித்த அண்டா அது. நாலு மணிக்கு அந்தத் தண்ணீரில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவார்கள். விளக்கு வைக்கும் நேரம் வரை விட்டுவிட்டால் சூடு போய்விடும். வெயிலைப் பிடிக்க அம்மாயிக்குத் தெரிந்திருந்தது. பிடித்ததை விடியும் வரை வைத்திருக்கத்தான் வழி இல்லை.

சூரிய வெந்நீர்க் கலத்தின் கதை முழுவதும் இந்த இடைவெளியைப் பற்றியதுதான். சூரியன் கொடுப்பது நடுப்பகலில். நமக்குத் தேவை விடியலில். நடுவே உள்ள பதினைந்து மணி நேரத்தைக் கடப்பதற்கு ஒரு பெட்டியும் ஒரு தொட்டியும் இரண்டு குழாய்களும் போதும். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான் அப்படி ஒன்றைச் செய்து வைத்தேன். அதை முன்னால் வைத்துக்கொண்டே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு வெயில்?

கடைக்குப் போவதற்கு முன் கணக்குப் போட்டுவிட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் ஆற்றல் தேவை. அதே எடை இரும்புக்கு ஆவதைப்போல ஒன்பது மடங்குக்கும் மேல் இது. அதனால்தான் தண்ணீர் மெல்லச் சூடேறுகிறது. அதனாலேயே சூட்டைச் சேர்த்து வைக்கத் தண்ணீரைவிட மலிவான, நல்ல பொருள் வீட்டில் வேறு கிடையாது.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 100 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 27 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 57 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். 100 × 30 × 4.2 = 12,600 கிலோஜூல். 3,600 கிலோஜூல் என்பது மின்வாரியக் கணக்கில் ஒரு யூனிட். ஆக, நமக்கு வேண்டியது மூன்றரை யூனிட். இரண்டு கிலோவாட் கீசர் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடினால் ஆகிற செலவு இது. 57 டிகிரித் தண்ணீரை அப்படியே ஊற்றிக்கொள்ள முடியாது. பச்சைத் தண்ணீர் விளாவி 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 100 லிட்டர் 230 லிட்டராகப் பெருகும். பதினைந்து வாளிக்குக் குறையாது.

இனி வரவு. வானம் தெளிந்த நாளில், உச்சி வெயில் நேரே விழும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றல் விழுகிறது. காலை, மாலை, மேகம் எல்லாம் சேர்த்துச் சராசரி பார்த்தால் நம் பக்கத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 யூனிட்டை ஒட்டி வரும். வீட்டில் செய்த கலம் அதில் 40 சதவீதத்தைத் தண்ணீரில் சேர்த்தாலே நல்ல வேலை. அப்படியானால் இரண்டு சதுர மீட்டருக்கு 4 யூனிட். தேவை மூன்றரை. ஒரு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளம் என்ற அளவு இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

கண்ணாடி என்ன செய்கிறது?

1767-இல் ஜெனீவாவைச் சேர்ந்த ஒராஸ் பெனடிக்ட் டி சோசூர் என்ற இயற்கை ஆய்வாளர், ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து கண்ணாடிப் பெட்டிகளை அடுக்கிக் கரிய மேசையின் மேல் வெயிலில் வைத்தார். நடுப்பெட்டியின் சூடு 87 டிகிரியைத் தாண்டியது. அடுத்து மரப்பெட்டிக்குள் கறுத்த கார்க் பதித்து, கண்ணாடி மூடி போட்டு, வெளியே கம்பளி சுற்றினார். அது கொதிநிலையையே தாண்டியது. இன்றைய சூரிய அடுப்புக்கும் வெந்நீர்க் கலத்துக்கும் மூதாதை அந்தப் பெட்டிதான்.

வெளிச்சம் கண்ணாடி வழியே உள்ளே போகிறது. கறுப்புத் தகடு அதை விழுங்கிச் சூடாகிறது. சூடான தகடு அகச்சிவப்புக் கதிரை வீசுகிறது. அந்தக் கதிரைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. பள்ளிப் பாடத்தில் நாம் படித்த விளக்கம் இது. உண்மைதான், ஆனால் பாதி உண்மை. 1909-இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் இரண்டு கறுப்பு அட்டைப் பெட்டிகளை எடுத்தார். ஒன்றைக் கண்ணாடியால் மூடினார். மற்றொன்றை அகச்சிவப்பு தாராளமாகப் புகுந்து வெளியேறும் பாறை உப்புத் தகட்டால் மூடினார். இரண்டின் சூடும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. சூடான காற்று எழுந்து போய்விடாமல் அடைத்து வைப்பதும், வெளிக்காற்று தகட்டைத் தொடாமல் தடுப்பதும்தான் மூடியின் முதல் வேலை என்று இதிலிருந்து தெரிகிறது. தகட்டின் சூடு ஏற ஏற, அகச்சிவப்பைத் தடுக்கும் பங்கும் கூடும்.

ஆகவே பெட்டி செய்யும்போது கண்ணாடியின் தரத்துக்குக் கொடுக்கும் அக்கறையை விளிம்புக்கும் கொடுக்க வேண்டும். ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி இருந்தால் போதும், காற்று புகுந்து பாதிச் சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

கெம்ப் பிடித்தார், பெய்லி காத்தார்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வீட்டுச் சாதனங்கள் விற்றுவந்த கிளாரன்ஸ் கெம்ப் 1891-இல் 'கிளைமாக்ஸ்' என்ற பெயரில் ஒரு சூரிய வெந்நீர்க் கலத்துக்குக் காப்புரிமை பெற்றார். கறுப்புப் பூசிய உலோகத் தொட்டிகளை டி சோசூரின் பெட்டிக்குள் படுக்க வைத்த அமைப்பு அது. விலை 25 டாலர். கலிஃபோர்னியாவில் அது பரவிய வேகத்தில், 1897-க்குள் பாசடீனா ஊரின் வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் சூரிய வெந்நீர் வந்துவிட்டது. ஆனால் தண்ணீர் சூடாவதும் அதே தொட்டியில், சேமிப்பதும் அதே தொட்டியில். பகலில் வெயில் புகுந்த கண்ணாடி வழியாகவே இரவில் சூடு வெளியேறியது. பிற்பகலில் நல்ல வெந்நீர். விடிந்தால் வெறும் தண்ணீர். அம்மாயியின் அண்டாவுக்கு நேர்ந்ததுதான் கெம்பின் கலத்துக்கும் நேர்ந்தது.

1909-இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் வில்லியம் பெய்லி என்ற பொறியாளர் அந்த ஒரே பொருளை இரண்டாகப் பிரித்தார். வெயிலில் மெல்லிய குழாய்கள் பொருந்திய தட்டு. அதற்கு மேலே, சூடு கசியாமல் பொதிந்த தனித் தொட்டி. 'டே அண்ட் நைட்' என்று பெயர் வைத்தார். பகலில் பிடித்ததை இரவிலும் கொடுக்கும் என்பதுதான் பெயருக்கு அர்த்தம். கிளைமாக்ஸ் வியாபாரம் அதோடு சரிந்தது. பிறகு மலிவான இயற்கை எரிவாயு வந்து பெய்லியின் வியாபாரத்தையும் கலிஃபோர்னியாவில் சுருக்கியது. என்றாலும் அவர் போட்ட அமைப்பு அழியவில்லை. இன்று தட்டு வகைக் கலம் எந்த மாடியில் இருந்தாலும், அதன் எலும்புக்கூடு பெய்லியுடையது.

தட்டு: தொட்டால்தான் சூடு ஓடும்

என்னுடைய தட்டில் மேலும் கீழும் ஒரு அங்குலச் செம்புக் குழாய்கள் இரண்டு. இடையில் அரை அங்குலச் செம்புக் குழாய்கள் ஒன்பது, ஏணிப் படிகளை நிமிர்த்தி வைத்தது போல. பெரிய குழாயில் துளையிட்டு, சிறு குழாயைச் செருகி, பிரேசிங் வைத்துப் பற்றவைக்க வேண்டும். சிறு குழாய் பெரிய குழாய்க்குள் அதிகம் நீட்டிக்கொண்டு நின்றால் ஓட்டத்தை மறிக்கும். பதினெட்டு பற்றுகளில் ஒன்று ஒழுகினாலும் பெட்டியைப் பிரித்தாக வேண்டும். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே தண்ணீர் அழுத்தம் கொடுத்து, ஒவ்வொரு பற்றையும் விரலால் தடவிப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டு குழாய்களுக்கு நடுவில் விழும் வெயிலைக் குழாய்க்குக் கொண்டு சேர்ப்பது அலுமினியத் தகடு. நான் அதிகம் கற்றுக்கொண்ட இடம் இது. தகட்டைக் குழாய்மேல் சும்மா வைத்துக் கட்டினால் ஒரு கோட்டில் மட்டும்தான் தொடும். மற்ற இடத்தில் மயிரிழை இடைவெளி, அதில் காற்று. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் காற்று பல ஆயிரம் மடங்கு மோசமான வெப்பக் கடத்தி. தகடு கொதிக்கும், குழாய் வெதுவெதுப்பாகவே இருக்கும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. இரண்டு பலகைகளைக் குழாயின் கனத்தைவிடச் சற்று அதிக இடைவெளி விட்டு இணையாக ஆணியடித்துக்கொள்ள வேண்டும். மேலே தகட்டைப் பரப்பி, குழாயின் கனமுள்ள இரும்புத் தண்டை அந்த இடைவெளிக்கு நேராக வைத்து, மரச் சுத்தியால் ஓரத்திலிருந்து ஓரம் வரை அடித்துக்கொண்டே போனால் தகட்டில் வாய்க்கால் போலப் பள்ளம் விழும். குழாய் அதில் அரைவாசி புதைந்து உட்காரும். பிறகு சாண் இடைவெளியில் கம்பி போட்டு முறுக்கிக் கட்டினால் தகடும் குழாயும் ஒன்றாகிவிடும்.

பெயின்ட் பளபளக்காத கறுப்பாக இருக்க வேண்டும். கரும்பலகைக்கு அடிக்கும் வகை நன்றாகவே வேலை செய்யும். பளபளப்பு என்பது வெயிலைத் திருப்பி அனுப்புவது. பெட்டியின் அடியில் 5 சென்டிமீட்டர் கண்ணாடிக் கம்பளி, பக்கங்களில் அதில் பாதி. தெர்மோகோல் மலிவு என்று போட்டுவிடக் கூடாது. தண்ணீர் ஓடாத நாளில் தட்டின் சூடு 100 டிகிரியைத் தாண்டும். தெர்மோகோல் அதற்கு முன்பே உருகிச் சுருண்டுவிடும். தகட்டுக்கு மேல் இரண்டரை சென்டிமீட்டர் விட்டு 4 மில்லிமீட்டர் டஃபன்ட் கண்ணாடி. வெயிலில் விரியக் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் பட்டை. உள்ளே கோக்கும் பனி ஈரம் வடிய அடிவிளிம்பில் இரண்டு சிறு துளைகள்.

கோயம்புத்தூர் 11 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். ஆனால் வெந்நீர் வேண்டியது மார்கழியில். அப்போது நண்பகல் சூரியனே உச்சியிலிருந்து 34 டிகிரிக்கு மேல் தெற்கே சாய்ந்திருக்கும். அதனால் தட்டைத் தெற்கு நோக்கி 25 டிகிரி சாய்த்தேன். அட்சரேகையோடு 10 முதல் 15 வரை கூட்டிக்கொள்வது பொது வழக்கம். இதனால் கோடையில் கொஞ்சம் இழப்போம், குளிரில் அதிகம் பெறுவோம்.

மோட்டர் இல்லாமல் ஏறும் தண்ணீர்

குழாய் பூட்ட வந்த பிளம்பர் அண்ணன் தட்டையும் அதற்கு மேலே நிற்கும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க சார், கீழ சூடாகற தண்ணி மேல தொட்டிக்கு எப்புடிங்க போகும்? மோட்டரே காணோமே?"

"உலை கொதிக்கறப்ப அரிசி அடியில இருந்து மேல வந்து சுத்துதுல்லண்ணா, அதுக்கு யாரு மோட்டர் வெச்சாங்க?"

அவர் சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கினார். ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. 30 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 995.7 கிராம் இருக்கும். 60 டிகிரியில் 983.2 கிராம். வித்தியாசம் 12 கிராம் சொச்சம். தட்டில் சூடான தண்ணீர் இலேசாகி மேல் குழாய் வழியே தொட்டியின் மேல்பகுதிக்குப் போகிறது. தொட்டியின் அடியில் உள்ள குளிர்ந்த, கனத்த தண்ணீர் கீழ்க்குழாய் வழியே இறங்கித் தட்டின் அடியில் புகுகிறது. வெயில் இருக்கும்வரை இந்தச் சுற்று நிற்பதில்லை. வெயில் ஏறினால் வேகம் கூடும், மேகம் மறைத்தால் தணியும். எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்ல ஆளே வேண்டாம்.

இந்த உந்துதல் மிகவும் மெலிந்தது. ஒரு மீட்டர் உயரத்துக்கு 12 மில்லிமீட்டர் தண்ணீர் அழுத்தம், அவ்வளவுதான். ஆகவே குழாய் ஒரு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. எல்போக்களை எண்ணி எண்ணிக் குறைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, மேல் குழாய் தட்டிலிருந்து தொட்டி வரை ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஓரிடத்தில் மேடு கட்டி இறங்கினால் அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்த காற்றும் பிரிந்து வந்து அங்கேயே சேரும். காற்றுக் குமிழ் ஒன்று போதும், சுற்று நின்றுவிடும். குழாயின் ஒவ்வொரு அடியிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்தோம்.

இரவில் இறங்கிப் போன சூடு

அப்படியும் முதல் தடவை தவறினேன். தொட்டிக்கு உயரமான மேடை கட்டச் சோம்பி, தட்டின் மேல்விளிம்பைவிடத் தொட்டியின் அடிப்பாகம் தாழ்ந்து இருக்கும்படி வைத்துவிட்டேன். பகலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மாலையில் தொட்டியின் மேல்பகுதியில் வெப்பமானி 58 காட்டியது. காலையில் பார்த்தால் 38. தொட்டியைச் சுற்றிய பொதியில்தான் குறை என்று நினைத்து இன்னொரு சுற்றுச் சுற்றினேன். மறுநாளும் அதே கதை.

மூன்றாம் நாள் இரவு பத்து மணிக்கு மாடிக்குப் போய்க் குழாய்களைத் தொட்டுப் பார்த்தேன். வெயில் போய் நான்கு மணி நேரமாகியும் மேல் குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. அப்போதுதான் புரிந்தது. பகலில் ஓடிய சுற்று இரவில் திரும்பி ஓடுகிறது. தெளிந்த இரவு வானம் காற்றைவிடக் குளிர்ந்த பரப்பைப் போல நடந்துகொள்ளும். தட்டு அதை நோக்கிச் சூட்டை வீசிக் குளிர்கிறது. குளிர்ந்த தண்ணீர் தட்டுக்குள் இறங்கி, கீழ்க்குழாய் வழியே தொட்டிக்குப் போகிறது. அதன் இடத்துக்குத் தொட்டியின் வெந்நீர் மேல் குழாய் வழியே தட்டுக்கு வருகிறது. என் கலம் இரவு முழுவதும் வானத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தது.

தொட்டியைத் தூக்கி, அதன் அடிப்பாகம் தட்டின் மேல்விளிம்புக்கு 30 சென்டிமீட்டர் மேலே இருக்கும்படி வைத்தோம். இப்போது குளிர்ந்த தண்ணீர் எல்லாம் தாழ்ந்த தட்டில், சூடான தண்ணீர் எல்லாம் உயர்ந்த தொட்டியில். கனத்தது கீழே, இலேசானது மேலே. அது அசையக் காரணமே இல்லை.

தொட்டி: கலத்தின் உயிர்

100 லிட்டர்த் தொட்டிக்கு வெளிப்பரப்பு ஒன்றேகால் சதுர மீட்டர் இருக்கும். தண்ணீர் 57 டிகிரி, இரவுக் காற்று 22 டிகிரி என்று கொள்வோம். வெற்றுத் தகரத் தொட்டியாக இருந்தால் தொடக்கத்தில் 400 வாட்டுக்கு மேல் சூடு கசியும். பன்னிரண்டு மணி நேரத்தில் தண்ணீர் 32 டிகிரிக்கு இறங்கிவிடும். அதே தொட்டியைச் சுற்றி 5 சென்டிமீட்டர் கண்ணாடிக் கம்பளி இருந்தால் கசிவு 35 வாட். விடியும்போது தண்ணீர் 53 டிகிரியை ஒட்டி இருக்கும். கம்பளிக்குள் அடைபட்ட, நகர முடியாத காற்றுதான் இதைச் செய்கிறது. தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் எதிரியாக இருந்த அதே காற்று, தொட்டியைச் சுற்றிக் காவல் நிற்கிறது. கம்பளி நனைந்தால் இந்தக் காவல் போய்விடும். மேலே தகரம் போர்த்தி மழை புகாமல் அடைக்க வேண்டும்.

தொட்டிக்குள் வெந்நீர் மேலேயும் குளிர்நீர் கீழேயும் அடுக்கடுக்காக நிற்கும். இந்த அடுக்கைக் கலைக்காமல் வைத்தால் பாதித் தொட்டி காலியான பிறகும் குழாயில் நல்ல சூடு வரும். அதற்காகக் குளியலறைக்குப் போகும் குழாயை மேலேயிருந்து எடுத்து, மாடித் தொட்டியிலிருந்து வரும் பச்சைத் தண்ணீரை அடியில் விட வேண்டும். அந்தத் தண்ணீர் பீய்ச்சி அடித்தால் அடுக்கு கலங்கும். குழாயின் வாயைத் தரை பார்க்க வளைத்துவிட்டால் அமைதியாகப் புகும்.

தொட்டியின் உச்சியிலிருந்து ஒரு திறந்த காற்றுக் குழாய் கட்டாயம் வேண்டும். 27 டிகிரியிலிருந்து 57-க்குப் போகும்போது 100 லிட்டர் தண்ணீர் ஒரு லிட்டருக்கு மேல் விரியும். மூடிய தொட்டியில் அந்த ஒரு லிட்டர் போக்கிடம் இல்லாமல் தகட்டைக் கிழிக்கும். காற்றுக் குழாயின் வாய் மாடித் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால்தான் தண்ணீர் வழியாது.

தொட்டிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது. செம்புக் குழாயில் ஓடிவரும் தண்ணீர் ஜி.ஐ. தொட்டியின் துத்தநாகப் பூச்சைச் சீக்கிரம் தின்றுவிடும். சாதாரண பி.வி.சி. குழாய் 60 டிகிரியில் இளகிவிடும். வெந்நீர்ப் பக்கம் அதைத் தொடவே வேண்டாம். எங்கள் ஊரில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடுகளுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. அது மென்மையான தண்ணீர். போர்வெல் உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு, சூடு ஏற ஏறக் கரைந்திருக்க முடியாமல் பிரிந்து, குழாயின் உட்சுவரில் வெள்ளைப் படலமாகப் படியும். அரை அங்குலக் குழாய் இரண்டு மூன்று வருடத்தில் பாதியாகச் சுருங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

கையைச் சுடாமல்

முதல் முறை தண்ணீர் நிரப்புவது விடிகாலையிலாக இருக்கட்டும். உச்சி வெயிலில் காய்ந்த தட்டில் தண்ணீர் விட்டால் ஆவியாகிச் சீறும். 60 டிகிரித் தண்ணீர் ஐந்தாறு நொடியில் தோலை வேகவைக்கும்; வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகே வெந்நீர் என்ற பழக்கத்தைக் குழந்தைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும். வெதுவெதுப்பிலேயே நாள்கணக்கில் தேங்கும் தண்ணீரில் நிமோனியா உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும். 60 டிகிரிக்கு மேல் அது தாங்காது. மழைக்காலத்தில் பல நாள் வெயிலே இல்லையென்றால், குளிக்கும் முன் தொட்டியை ஒருமுறை வடித்துவிடலாம்.

உதகை, கொடைக்கானல் பக்கம் செய்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். உறைபனி இரவில் தட்டுக்குள் நிற்கும் தண்ணீர் உறைந்து விரிந்தால் செம்புக் குழாய் வெடித்துவிடும். 1913-இல் கலிஃபோர்னியாவில் எதிர்பாராத உறைபனி விழுந்தபோது பெய்லியின் கலங்கள் இப்படித்தான் வெடித்தன. அதன்பின் அவர் தட்டில் தண்ணீரோடு ஆல்கஹால் கலந்து சுற்றவிட்டு, தொட்டிக்குள் ஒரு சுருள் குழாய் வழியாகச் சூட்டை மட்டும் தண்ணீருக்கு மாற்றினார். மலைப்பகுதிக்கு இன்றும் சரியான வழி அதுதான்.

தொட்டியை உயர்த்திய மறுநாள் விடிகாலை நாலரை மணிக்கு டார்ச்சோடு மாடிக்குப் போனேன். தட்டின் கண்ணாடி முழுக்கப் பனித்துளி கோத்திருந்தது. விரலால் ஒரு கோடு இழுத்தேன், சில்லென்று இருந்தது. மேல் குழாயைத் தொட்டேன். அதுவும் சில்லென்றே இருந்தது. தொட்டியின் வெப்பமானியில் வெளிச்சம் அடித்தேன். 54. முந்தைய நாள் பிற்பகல் வெயில் அந்த இருட்டில், இரண்டு விரல் கனக் கம்பளிக்குள் அப்படியே இருந்தது. கீழே வந்து அம்மாவின் வாளியில் பாதிக்குப் பச்சைத் தண்ணீர் பிடித்து, வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். ஆவி எழுந்தது.